டாப் கியர் எவ்வளவு?

பழைய வேன் வாங்கப் போகிறவர் வாயில் முதலில் வருவது "மைலேஜ் எவ்வளவு குடுக்கும்?" என்பதுதான். திருவள்ளூர் பக்கத்தில் காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் சி.என்.சி. மெஷின் ஓட்டும் தம்பி ஒருவரும் அப்படித்தான் ஆரம்பித்தார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் போனில் இரண்டு வண்டிகளின் படத்தைக் காட்டினார். ஒன்று தொண்ணூறுகளில் வந்த டெம்போ டிராவலர், டீசல், கையால் போடும் கியர். இன்னொன்று எப்போதோ யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஃபோக்ஸ்வேகன் வேன், எழுபதுகளின் மாடல், பெட்ரோல், ஆட்டோமேட்டிக். இரண்டில் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில் போட்டு, ஒரு அடுப்பும் தண்ணீர் டேங்கும் வைத்து, லீவு கிடைக்கும்போதெல்லாம் குடும்பத்தோடு கிளம்பிவிட வேண்டும் என்பது அவர் கனவு.

"எதுண்ணே மைலேஜ்?"

கேள்வியில் தப்பில்லை. ஆனால் மைலேஜ் என்பது ஷாசி நம்பர் மாதிரி வண்டியில் பொறித்து வைத்த எண் கிடையாது. அதே வேன் காக்களூரிலிருந்து திருத்தணிக்குப் போனால் ஒன்று தரும். கும்மிடிப்பூண்டி போய் 16ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஏறி நெல்லூர் பக்கம் விரட்டினால் வேறொன்று தரும். ஏன் என்று புரிந்துகொண்டால் எந்த கியர்பாக்ஸ் வேண்டும் என்பதும் பாதி புரிந்துவிடும்.

முதலில் வண்டிகளைப் பற்றிக் கொஞ்சம். படுத்துத் தூங்கும் வேன் என்றால் உலகம் முழுக்க நினைவுக்கு வருவது ஃபோக்ஸ்வேகன் கோம்பிதான். 1947இல் பென் போன் என்ற டச்சு வியாபாரி நோட்டில் கிறுக்கிய ஒரு பெட்டிப் படம், 1950இல் வண்டியாக வெளியே வந்தது. பின்பக்கம் காற்றில் குளிரும் 1,131 சி.சி. எஞ்சின், சக்தி வெறும் 25 குதிரை. அதற்குள் கட்டிலும் அலமாரியும் பொருத்திக் கொடுத்தது வெஸ்ட்ஃபாலியா என்ற ஜெர்மன் கம்பெனி. பிரேசிலில் இந்த வேனை 2013 டிசம்பர் வரை செய்தார்கள். ஏர்பேக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கும் கட்டாயம் என்று சட்டம் வந்த பிறகுதான் நிறுத்தினார்கள்.

நம் ஊரில் கோம்பி அபூர்வம். நமக்கென்று வேறு பரம்பரை உண்டு. 1948இல் மெட்ராஸில் தொடங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ், வண்டலூர் ஆலையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரோடு 'ஸ்டாண்டர்ட் 20' என்ற வேனையும் செய்தது. பிரிட்டனின் ஸ்டாண்டர்ட் அட்லஸ் வேனின் வாரிசு அது. பிறகு பூனாவிலிருந்து பஜாஜ் டெம்போவின் மேட்டடார் வந்தது. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கு வேன் என்றாலே மேட்டடார்தான். குலதெய்வம் கோயிலுக்குப் போனதும் அதில்தான், பெண் பார்க்கப் போனதும் அதில்தான். 1987இல் மெர்சிடிஸ் வேனை அடிப்படையாக வைத்து அதே கம்பெனி டிராவலரைக் கொண்டுவந்தது. கீழே இருந்தது மெர்சிடிஸ் 240டி காரில் ஓடிய 2.4 லிட்டர் டீசல் எஞ்சினின் இந்தியப் பதிப்பு. சின்ன வண்டி வேண்டுமென்றால் 1984இன் மாருதி வேன், பின்னாளில் ஆம்னி. 796 சி.சி., நான்கு கியர். சினிமாவில் கதாநாயகியைக் கடத்தியே அதற்குப் பேர் கெட்டுவிட்டது. உள்ளே ஒருவர் காலை நீட்டிப் படுக்கலாம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் நடக்காது.

மைலேஜ் பயம் நம் பக்கத்து மக்களுக்குப் புதிதல்ல. வண்டலூர் ஆலை 1985இல் ஸ்டாண்டர்ட் 2000 என்ற சொகுசுக் காரைக் கொண்டுவந்தது. மேலே ரோவரின் அழகான உடம்பு, கீழே வேன்கார்ட் காலத்து 1,991 சி.சி. எஞ்சின். வாங்கியவர்கள் பெட்ரோல் கணக்குப் பார்த்துப் புலம்பினார்கள். அந்தப் புலம்பல் ஊரெல்லாம் பரவியது. 1988இல் ஆலையில் உற்பத்தி நின்றது. மைலேஜ் ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் மெட்ராஸ்காரர்கள் அந்தக் காரைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றும் அதைத்தான் முதலில் சொல்வார்கள்.

இப்போது எரிபொருள் எங்கே போகிறது என்று பார்ப்போம். சமதரையில் ஒரே வேகத்தில் ஓடும் வண்டி இரண்டு எதிரிகளோடு மல்லுக்கு நிற்கிறது. ஒன்று டயர் தரையில் உருளும்போது வரும் தடை. வண்டியின் எடையைப் பொறுத்தது. மற்றது காற்று, வண்டியின் முகப்பு எவ்வளவு பெரியது, எவ்வளவு வேகம் என்பதைப் பொறுத்தது. உருளும் தடை வேகம் கூடினாலும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். வேன் என்பதோ காற்றுக்கு எதிரே நிறுத்திய பீரோ.

டீக்கடைக்காரரிடம் பழைய பில் ஒன்றை வாங்கி அதன் முதுகில் கணக்குப் போட்டோம். சாமான், ஆட்கள், தண்ணீரோடு 2,200 கிலோ எடை. முகப்பு மூன்றரை சதுர மீட்டர். காற்றுக் குணகம் 0.45 என்று வைத்துக்கொண்டோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் டயர் தடை சுமார் 260 நியூட்டன், காற்று சுமார் 250. ஏறக்குறைய சமம். அதே வண்டி 90இல் போனால் டயர் அதே 260தான். காற்று மட்டும் 570ஐத் தொடுகிறது. மொத்தத்தில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அறுபது சதவீதம் கூடுதல் வேலை. 60இல் ஓட 12 குதிரை போதும். 90இல் ஓட 28 குதிரை வேண்டும். அந்த 1950 கோம்பி எடை குறைந்த சின்ன வண்டியாக இருந்தும் 80 கிலோமீட்டர் வேகத்தோடு நின்றுபோனதற்குக் காரணம் இதுதான். 25 குதிரையை வைத்துக்கொண்டு காற்றோடு அதற்கு மேல் மோத முடியாது.

சுமை கூடினால் எஞ்சின் கொஞ்சம் சிக்கனமாக எரிக்கும். ஆகவே டீசல் செலவு அந்த அறுபது சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகவே ஏறும். என்றாலும் ஒன்று தெளிவு. 90இல் ஓட்டுகிறவருக்கு இரண்டு வேன்களுக்கு இடையே உள்ள மைலேஜ் வித்தியாசத்தைவிட, 90க்கும் 65க்கும் உள்ள வித்தியாசம் பெரிது.

"அப்ப எடையைப் பத்திக் கவலையே இல்லையா?" என்றார் தம்பி. கட்டில், அலமாரி, பேட்டரி, தண்ணீர் எல்லாம் சேர்த்து 200 கிலோ ஏறும் என்று யாரோ அவரைப் பயமுறுத்தியிருந்தார்கள். அதற்கும் கணக்கு உண்டு. ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவு. அடிவாரத்திலிருந்து மேலே போக 700 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். 200 கிலோவை அவ்வளவு உயரம் தூக்க வேண்டிய வேலை 1.4 மெகாஜூல். எஞ்சின் நான்கில் ஒரு பங்கு சக்தியைத்தான் வேலையாக மாற்றுகிறது என்றாலும், கால் லிட்டர் டீசல்கூட ஆகாது. 150 மில்லிதான். இந்த பெஞ்சில் நாம் குடித்த ஒரு டம்ளர் டீயைவிடக் கொஞ்சம் கூட. எடை பதம் பார்ப்பது டேங்கை அல்ல, கிளட்ச் பிளேட்டையும் இறக்கத்தில் பிரேக்கையும்.

உண்மையில் மைலேஜைக் குறைப்பது கூரை. நின்று சமைக்க வேண்டும் என்று கூரையை 40 சென்டிமீட்டர் உயர்த்தினால் முகப்பு ஐந்தில் ஒரு பங்கு பெருத்துவிடும். அது 90 வேகத்தில் சுமார் 14 சதவீதம் கூடுதல் இழுவை. வெஸ்ட்ஃபாலியா ஆட்கள் இதற்குத்தான், நின்றபின் தூக்கிக்கொள்ளும், ஓடும்போது மடக்கிவிடும் கூரையைச் செய்தார்கள். நம் ஆட்கள் கூரை மேல் கேரியர், அதன் மேல் தார்ப்பாய், அதன் மேல் பிளாஸ்டிக் நாற்காலி என்று கட்டிவிட்டு, கார்பரேட்டரைக் குறை சொல்வார்கள்.

இனி கியர். இதை நிதானமாகக் கேட்க வேண்டும்.

வேகம் 80. டயரின் சுற்றளவு இரண்டு மீட்டர். நிமிடத்துக்குச் சக்கரம் 667 சுற்றுச் சுற்றும். பின் ஆக்சிலில் கிரவுன், பினியன் விகிதம் ஐந்துக்கு ஒன்று என்றால், கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும் தண்டு 3,333 சுற்று. டாப் கியர் நேர் கியராக, ஒன்றுக்கு ஒன்றாக இருந்தால் எஞ்சினும் 3,333. இப்போது ஐந்தாவதாக ஒரு கியர் இருந்து, அதன் விகிதம் 0.8 என்றால் எஞ்சின் 2,667இல் ஓடினால் போதும். வண்டி அதே 80இல்தான் போகிறது. காற்று அதே காற்று. ஆனால் எஞ்சினுக்குள் பிஸ்டன் உரசுவதும், காற்றை உறிஞ்சித் தள்ளுவதும், பம்புகள் சுற்றுவதும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டன. அங்கேதான் மிச்சம். சத்தமும் குறையும். மூன்று மணி நேரம் ஓட்டிப் பார்த்தவருக்குத்தான் அந்தச் சத்தக் குறைவின் அருமை தெரியும்.

"அப்ப அஞ்சு கியர் இருக்கிற வண்டிதான் நல்லது."

இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். கியர் எத்தனை என்பதை எண்ணிப் பயனில்லை. பாரம் சுமக்கும் வண்டிகளின் பல ஐந்து கியர் பாக்ஸ்களில் ஐந்தாவதே ஒன்றுக்கு ஒன்றுதான். கூடுதலாகக் கொடுத்த கியர் கீழே போயிருக்கும். ஏற்றத்தில் பாரத்தோடு கிளம்ப, முதல் கியரை இன்னும் பலமாக்கியிருப்பார்கள். அப்படிப்பட்ட ஐந்து கியர் வண்டி, நெடுஞ்சாலையில் நான்கு கியர் வண்டியைவிட ஒரு சொட்டும் மிச்சம் பிடிக்காது. எதிர்ப்பக்கமும் உண்டு. கோம்பியின் நான்காவது கியரே ஒன்றுக்கும் குறைவான விகிதம். ஆனால் அதன் பின் ஆக்சில் விகிதம் ஐந்துக்கு மேல். அதற்கும் முந்தைய 1967 வரையிலான கோம்பிகளில் பின் சக்கரம் இரண்டிலும் தனியாக ஒரு ஜோடிப் பல்சக்கரம் வைத்து வேகத்தை இன்னும் குறைத்திருந்தார்கள். ஆக, டாப் கியரையும் ஆக்சிலையும் பெருக்கிப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். விற்கிறவருக்கு அந்த எண் தெரியாது. கவலை வேண்டாம். சமதரையில் டாப் கியரில் 60 வைத்து ஓட்டுங்கள். எஞ்சின் சுற்றைக் காட்டும் சின்ன மீட்டர் மெக்கானிக்கிடம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவரோடு சாதாரணக் குரலில் பேச முடிகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 0.8 கியர் உதவுவது 70க்கு மேல் சீராக ஓடுகிற சாலையில்தான். கும்மிடிப்பூண்டிக்காரருக்கு அது வாசலிலேயே இருக்கிறது. காக்களூர்க்காரருக்கோ திருவள்ளூர் ஊருக்குள் ஆட்டோ, மாடு, பள்ளிக்கூட வேன், பிறகு லாரிக்குப் பின்னால் ஊர்ந்து திருத்தணி, அங்கிருந்து ரேணிகுண்டா. அந்தச் சாலையில் ஐந்தாவது கியர் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும். 45இல் அதைப் போட்டு எஞ்சினை முனக விட்டால் மிச்சம் எதுவும் வராது, கிராங்க் பேரிங்தான் அடிபடும்.

ஆட்டோமேட்டிக்குக்கு வருவோம். ஃபோக்ஸ்வேகன் தன் வேனுக்கு ஆட்டோமேட்டிக் கியரை முதலில் கொடுத்தது 1973 மாடலில், 1.7 லிட்டர் எஞ்சினோடு. மூன்றே கியர். இன்றைய பிள்ளைகளுக்கு ஆட்டோமேட்டிக் என்றால் 2014இல் மாருதி செலேரியோவில் வந்த ஏ.எம்.டி. போன்றதுதான் மனதில் வரும். அதில் உள்ளே இருப்பது சாதாரண கியர்பாக்ஸ். கிளட்சையும் கியரையும் நமக்குப் பதிலாக ஒரு சின்னக் கருவி போடுகிறது. அதனால் மைலேஜ் அடிபடாது. அந்த நினைப்பில் பழைய ஆட்டோமேட்டிக்கை எடை போட்டால் ஏமாந்துபோவோம்.

பழையதில் கிளட்ச் பிளேட்டுக்குப் பதில் டார்க் கன்வர்ட்டர். ஒரு உருளைக்குள் எண்ணெய். எதிரெதிரே இரண்டு விசிறி. எஞ்சின் ஒன்றைச் சுழற்றும், அது எண்ணெயை வீசும், அந்த வீச்சில் மற்றது சுழலும். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஆகவே இரண்டாவது எப்போதும் சற்றுப் பின்தங்கியே சுற்றும். அந்தப் பின்தங்கல்தான் நஷ்டம். அது எண்ணெயில் சூடாக இறங்குகிறது. பின்னாளில் வந்த பெட்டிகளில் வேகம் பிடித்ததும் இரண்டையும் இறுகப் பூட்டிவிட ஒரு கிளட்ச் வைத்தார்கள். எழுபதுகளின் மூன்று கியர் பெட்டியில் அது கிடையாது. தாம்பரத்தில் ஏறி திண்டிவனத்தில் இறங்கும்வரை அது வழுக்கிக்கொண்டேதான் போகும்.

அதனால் மைலேஜ் எவ்வளவு குறையும்? கையால் போடும் கியரில் லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் தருகிற அந்த வேன் ஆட்டோமேட்டிக்கில் எட்டு தரும் என்று வைத்துக்கொள்ளலாம். தம்பி உடனே முகம் சுளித்தார். பில்லைத் திருப்பி மறுபடியும் கணக்குப் போட்டோம். லீவுக்கு மட்டும் ஓடுகிற வண்டி வருஷத்துக்கு 5,000 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். ஒன்பதில் 555 லிட்டர், எட்டில் 625 லிட்டர். வித்தியாசம் 70 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 7,000. மாசத்துக்கு அறுநூறு ரூபாய்கூட இல்லை. டீசல் டிராவலர் பத்தரை தந்தால் 476 லிட்டர் போதும். டீசல் விலையும் குறைவு என்பதால் ஆட்டோமேட்டிக் ஃபோக்ஸ்வேகனைவிட வருஷத்துக்கு 18,000, 19,000 ரூபாய் மிச்சம். நல்ல தொகைதான். ஆனால் பழைய வேன் வாங்குகிறவர் உடம்பில் துரு, டயர், பிரேக், சீட் என்று முதல் ஆறு மாதத்தில் செலவு செய்யப் போகும் பணத்தின் முன்னால் அது பெரிதில்லை.

ஆட்டோமேட்டிக் வேண்டாம் என்று நான் அவரிடம் சொன்னதற்குக் காரணம் மைலேஜ் இல்லை. அதைத் திறக்க இங்கே ஆள் இல்லை. சாதாரண கியர்பாக்ஸில் தேய்வது எவை? பேரிங், சிங்க்ரோ ரிங், ஆயில் சீல், கிளட்ச் பிளேட். பேரிங்கின் மேல் நம்பர் இருக்கும். அதே அளவு எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆயில் சீலும் அப்படியே. பழைய சாமான் வேண்டுமென்றால் சென்னை புதுப்பேட்டை இருக்கிறது. தண்டு தேய்ந்திருந்தால் காக்களூர் பேட்டையிலேயே லேத் போட்டுத் தர ஆள் உண்டு. திருவள்ளூர் ஒன்றும் கியர் தெரியாத ஊரில்லை. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் இங்கே மண் அள்ளும் இயந்திரங்களைச் செய்தது. அந்த ஆலை பிறகு கேட்டர்பில்லரிடம் போனது. அதே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ்தான் 1998 முதல் மிட்சுபிஷி லேன்சரையும் திருவள்ளூரில் செய்தது. இந்த வட்டாரத்தில் பல்சக்கரத்தைக் கையில் எடுத்துப் பார்த்து, எங்கே அடி பட்டிருக்கிறது என்று சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும். உடைந்த பல்சக்கரத்தைக் காட்டி "இதே மாதிரி வெட்டிக் குடுங்க" என்று கேட்பது சுலபம். அளவு சரியாக வரும். இரும்பு எது, மேல்தோலைக் கடினப்படுத்தும் ஹீட் ட்ரீட்மென்ட் செய்தார்களா என்று கேட்காவிட்டால், அந்தப் பல் ஓரிரு பயணத்தில் மழுங்கி, தூளை எல்லா பேரிங்குக்கும் பங்கு வைத்துவிடும்.

ஆட்டோமேட்டிக் பெட்டிக்குள் இருப்பதோ வால்வு பாடி, உராய்வுத் தட்டுகள், ரப்பர் வளையங்கள், பேண்டுகள். ஒவ்வொன்றும் அந்தப் பெட்டிக்கென்றே செய்தது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம், வரும். பொருத்துகிறவர் அதற்குமுன் அந்த வகைப் பெட்டியைத் திறந்தவராக இருக்க வேண்டும். பேட்டரி இறங்கிவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முடியாது. நடுவழியில் நின்றால் இழுக்கும் சக்கரங்களைத் தரையில் விட்டுக் கயிறு கட்டி இழுக்கக் கூடாது. எஞ்சின் ஓடாதபோது பெட்டிக்குள் எண்ணெய் பம்ப் வேலை செய்யாது, எல்லாம் காய்ந்து தேயும். நம் நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் உதவிக்கு வரும் லாரிக்காரர் முதலில் எடுப்பது கயிறுதான்.

இவ்வளவுக்கும் பிறகும் ஆட்டோமேட்டிக்தான் வேண்டும் என்று சிலர் இருப்பார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள், கிளட்ச் மிதிக்க முடியாதவர்கள். அவர்களுக்கு அது நியாயமான தேர்வு. அவர்கள் வாங்கும்முன் எண்ணெயைத் தொட்டு மோந்து பார்க்க வேண்டும். சிவப்பாகத் தெளிவாக இருந்தால் நல்லது. பழுப்பேறித் தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே தட்டுகள் எரிந்திருக்கின்றன. இந்த ஃபோக்ஸ்வேகன் பெட்டியில் இன்னொரு வினோதம்: கியருக்கு ஓர் எண்ணெய், அதோடு ஒட்டியிருக்கும் ஆக்சில் பகுதிக்கு வேறு எண்ணெய். நடுவில் இருக்கும் சீல் போனால் இரண்டும் கலந்துவிடும். இரண்டின் அளவையும் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

டிராவலர் மாதிரி பின் சக்கரம் இழுக்கும் வண்டியின் கியர்பாக்ஸைக் காதாலேயே பாதி சோதித்துவிடலாம். எஞ்சினை ஓடவிட்டு, நியூட்ரலில் கிளட்சிலிருந்து காலை எடுங்கள். ஒரு உறுமல் கேட்டு, கிளட்சை மிதித்ததும் நின்றால், பாக்ஸுக்குள் நுழையும் தண்டின் பேரிங் போயிருக்கிறது. மாறாக மிதித்தால் மட்டும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். அது சின்னச் செலவு. ஓட்டும்போது மற்ற கியர்களில் இரைச்சல், ஒன்றுக்கு ஒன்றான நேர் கியரில் மட்டும் அமைதி என்றால் கீழ்த்தண்டின் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். நேர் கியரில் சக்தி மேலேயே நேராகப் போய்விடுகிறது, கீழ்த்தண்டுக்குப் பாரம் இல்லை. மூன்றிலிருந்து இரண்டுக்குச் சட்டென்று இறக்கும்போது கறுக்கென்றால் சிங்க்ரோ ரிங். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டதும் கியர் தானாகக் கழன்று வந்தால் பேரம் பேசாமல் எழுந்து வந்துவிடலாம். அது ஒரு பாகத்தோடு முடிகிற வேலை இல்லை. கோம்பிக்கு இந்தச் சோதனை அப்படியே பொருந்தாது. அதில் கியரும் ஆக்சிலும் ஒரே கூட்டுக்குள் இருக்கின்றன, நேர் கியர் என்று ஒன்றே கிடையாது.

மைலேஜைச் சோதிக்க விற்கிறவரின் வாயை நம்பத் தேவையில்லை. டேங்கை வாய்வரை நிரப்பி, குறைந்தது இருநூறு கிலோமீட்டர் ஓட்டி, அதே பங்க்கில் மறுபடி வாய்வரை நிரப்பிப் பாருங்கள். அதற்குமுன் கிலோமீட்டர் கல்லை வைத்து மீட்டரைச் சரிபார்க்க வேண்டும். டயர் அளவை மாற்றிய வண்டியின் மீட்டர் பொய் சொல்லும். சின்ன டயர் போட்டிருந்தால் ஓடாத தூரத்தையும் ஓடியதாகக் காட்டும். உரிமையாளரும் பாவம், அதை நம்பித்தான் பெருமையடிப்பார்.

பெட்ரோல் வண்டிக்காரருக்கு இப்போது புதிதாக ஒரு விஷயம் சேர்ந்திருக்கிறது. பங்க்கில் கிடைப்பது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். லிட்டர் கணக்கில் எத்தனாலின் சக்தி பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆகவே அந்தக் கலவையில் சக்தி ஆறு, ஏழு சதவீதம் குறைவு. நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையும் பழைய வடிவமைப்பிலான கார்களுக்கு அதே அளவு மைலேஜ் இழப்பைச் சொன்னது. எழுபதுகளின் கார்பரேட்டர் வண்டியில் பழைய ரப்பர் குழாய்களை எத்தனால் பதம் பார்க்கும். பின்பக்கம் சூடான எஞ்சினுக்கு மேலே பெட்ரோல் குழாய் ஓடுகிற வண்டியில் இது மைலேஜ் பிரச்சினை இல்லை, தீப்பிடிக்கிற பிரச்சினை. எத்தனால் தாங்கும் குழாய்களை வாங்கிய வாரமே மாற்றிவிட வேண்டும்.

பிறகு ஆர்.டி.ஓ. ஆபீஸ். ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிக்கு 2021 முதல் 'வி.ஏ.' எழுத்து போட்ட விண்டேஜ் நம்பர் உண்டு. முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். தம்பிக்கு அதில் ஆசை. விதியை முழுக்கப் படித்தால் ஆசை அடங்கிவிடும். வண்டி அசல் நிலையில் இருக்க வேண்டும்; ஷாசி, உடம்பு, எஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்றுதான் சாலையில் எடுக்கலாம். அன்றாட ஓட்டத்துக்குக் கிடையாது. கட்டில் அடித்து ஏலகிரிக்குக் கிளம்புவதும் அந்த நம்பரும் ஒத்துப்போகாது. டிராவலர் மஞ்சள் போர்டு வண்டியாக இருந்தால் முதலில் சொந்த உபயோகத்துக்கு மாற்ற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, பதிவுப் புத்தகத்தில் உள்ளதற்கு மாறாக வண்டியை இஷ்டத்துக்கு மாற்றவும் முடியாது. வீட்டு வேன்களுக்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்ற தரநிலை இருக்கிறது. கழற்றி மாட்டும் கட்டிலும் தூக்கிவைக்கும் அடுப்பும் என்றால் தலைவலி குறைவு. ஆணி அடிப்பதற்குமுன் ஒரு தடவை விசாரித்துக்கொள்வது நல்லது.

டிராவலரையே பார்க்கலாம் என்று தம்பி முடிவுக்கு வந்தார். அவருக்குச் சொன்ன கடைசி விஷயம் ஆயில் பற்றி. வாங்கியதும் கியர்பாக்ஸ் ஆயிலை வடித்து, வடிகால் போல்ட்டில் ஒட்டியிருப்பதைப் பார்க்க வேண்டும். சாம்பல் நிறக் கூழ் சகஜம். மஞ்சள் மினுமினுப்பு இருந்தால் சிங்க்ரோ ரிங் தேய்கிறது. கையில் துண்டாகத் தட்டுப்பட்டால் பல் உடைந்திருக்கிறது. கடையில் "கியர் ஆயில் குடுங்க" என்று மட்டும் கேட்டால் ஆக்சிலுக்கான ஜி.எல். 5 டப்பாவைத்தான் எடுத்து நீட்டுவார்கள், அதுதான் உசத்தி என்றும் சொல்வார்கள். பித்தளை சிங்க்ரோ ரிங் உள்ள பழைய பாக்ஸுக்கு அந்த உசத்தி ஒத்துக்கொள்ளாது. வண்டியின் புத்தகம் வேறு சொல்லாதவரை ஜி.எல். 4, 80டபிள்யூ-90 என்று எழுதி எடுத்துப்போய்க் கேட்டு வாங்குங்கள்.